டீச்சர் பாட்டியின் வாழ்க்கையைப் புத்தகமாக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பாட்டி, ஆச்சி, அப்பத்தா, அம்மம்மா ஆகியோரின் வாழ்க்கையை, அவர்கள் இருக்கும்போதே எழுதிவிட நினைக்கும் பேரப்பிள்ளைகளின் கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பாட்டிக்கு 82 வயது. பஞ்சாயத்து யூனியன் பள்ளிகளில் 37 வருஷம் டீச்சர், ஏழெட்டு ஊர் மாற்றல். சின்னப் புத்தகமாகப் போட ஆசை. முதலில் அவர் பேச்சைப் பதிவு செய்யலாமா, நேரே எழுத ஆரம்பிக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

இரண்டும் வேண்டாம். முதலில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். காகிதத்தைப் பார்க்காமல் பேச உட்கார்ந்தால் நாலு ஊரும் நாலு ஹெட்மாஸ்டரும் ஒன்றாகக் குழம்பிவிடும். அதைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒரு டீச்சரின் வாழ்க்கையில் மிக நம்பகமான சாட்சி அவருடைய பணிப்பதிவேடுதான், அவர்கள் வாயில் 'எஸ்.ஆர்.'. எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், எப்போது விடுவிக்கப்பட்டார், இன்கிரிமென்ட் எப்போது, எந்த விடுப்பு எத்தனை நாள் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மகப்பேறு விடுப்புப் பதிவைப் பார்த்தாலே எந்தப் பிள்ளை எந்த ஊரில் இருந்தபோது பிறந்தது என்று தெரிந்துவிடும். வீட்டில் யாருக்கும் நினைவில்லாத விஷயம் அது.

எஸ்.ஆர். வீட்டில் இருக்காது. பாட்டி கடைசியாக வேலை பார்த்த ஒன்றியத்தின் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். பதில் தர 30 நாள் கெடு. மனுவில் பாட்டியே கையெழுத்துப் போடட்டும். பேரன் பெயரில் போட்டால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று திருப்பிவிடுவார்கள். பழைய பதிவேடு கழிக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் வீட்டில் உள்ள நியமன ஆணை, மாறுதல் ஆணை, ஓய்வூதியப் புத்தகம், பயிற்சிச் சான்றிதழ், பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஆகியவற்றை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்.

இவற்றிலிருந்து ஒரு நீளத் தாளில் அட்டவணை போடுங்கள்: வருஷம், ஊர், பள்ளி, எடுத்த வகுப்பு, குடியிருந்த வீடு, பள்ளிக்குப் போன வழி, அந்த வருஷம் வீட்டில் நடந்தது. கடைசி மூன்று கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் காலி இடங்களில்தான் இருக்கின்றன.

எல்லோரும் தடுக்கி விழும் சில இடங்கள். பாட்டி '11-ஆம் வகுப்பு வரை படித்தவர்' என்றால் பிளஸ் டூவைப் பாதியில் விட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். 1978-இல் பிளஸ் டூ வரும் முன்பு எஸ்.எஸ்.எல்.சி. என்பதே 11-ஆம் வகுப்புதான். அதற்குமேல் பயிற்சி முடித்தவர் செகண்டரி கிரேடு. எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு பயிற்சிக்குப் போனவர் ஹையர் கிரேடு. பெயரில் 'ஹையர்' இருந்தாலும் படிப்பு குறைவு. பஞ்சாயத்து யூனியன் ஆசிரியர்கள் அரசு ஊழியரானது 1-6-1981 முதல். அதற்கு முந்தைய ஆணைகளில் யூனியன் கமிஷனர் கையெழுத்து இருந்தால் திகைக்க வேண்டாம். மாவட்டப் பெயரும் அப்படியே: 1965-ஆம் வருஷ ஆணையில் மன்னார்குடி தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இல் பிரிந்தது, திருவாரூர் 1997-இல். ஆணையில் உள்ளபடி எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள்.

ஓய்வுத் தேதியும் கடைசியாகப் பள்ளிக்குப் போன நாளும் ஒன்றல்ல. ஓய்வு வயது 58 ஆக இருந்த காலத்தில், கல்வியாண்டின் நடுவில் 58 முடிந்த ஆசிரியருக்கு மே 31 வரை மறுநியமனம் இருந்தது. ஜூனில் பிறந்ததாகப் பதிவானவருக்கு அது பதினோரு மாதம். பிரிவுபசாரப் படம் எந்த வருஷத்தது என்ற சண்டை பல வீடுகளில் இதனால்தான் வருகிறது.

கேள்வி: அப்பத்தாவுக்கு மூன்று பிறந்த தேதி. சர்வீஸில் ஒன்று, ஆதாரில் ஒன்று, 'சுபானு வருஷம் தை மாசம்' என்று ஜாதக நோட்டில் ஒன்று. எதைப் போடுவது?
– வாசகர், காரைக்குடி

வாழ்க்கைக்கு ஜாதக நோட்டு, அலுவலகத்துக்கு சர்வீஸ் தேதி. இரண்டையும் அச்சிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போனால், வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று கணக்கு. பள்ளி ஜூனில் திறப்பதால், அன்றைக்கு ஐந்து முடிந்திருக்கும்படி மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொண்டார். ஒரு தலைமுறை முழுக்கக் கோடை விடுமுறையில் பிறந்தது போலத் தெரிவது அதனால்தான்.

ஜாதகத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும்போது வருஷத்தைப் பாருங்கள். 1940 ஏப்ரல் நடுவில் தொடங்கியது விக்கிரம. அடுத்து 1941 விஷு, 1942 சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப, 1946 விய, 1947 சர்வஜித்து. பெரும்பாலோர் தப்பு விடுவது மாதத்தில். சுபானு 1943-இல் தொடங்கினாலும், அதன் தை, மாசி, பங்குனி மாதங்கள் 1944-இல் வருகின்றன (மார்கழியின் பின்பாதியும் அப்படியே). உங்கள் அப்பத்தா பிறந்தது 1944 ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில். 1943 என்று போட்டால் ஒரு வயது கூடிவிடும்.

அடுத்து நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு தடவை வரலாம். கிழமையோ திதியோ தெரிந்தால் எது என்று முடிவாகிவிடும். இன்னொரு கண்ணி: பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் பிறந்தவரை ஜாதகம் திங்கள்கிழமை என்றுதான் சொல்லும். ஒரு நாள் வித்தியாசம் வந்தால் ஜோசியரைக் குறை சொல்லாமல் பிறந்த நேரத்தைப் பாருங்கள்.

கிராமப் பிறப்புப் பதிவைத் தேடுகிறவர்கள் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்கலாம். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பனார் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புத்தகத்துக்காக உண்மைத் தேதியைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த உற்சாகத்தில் ஆதாரையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் திருத்தப் போகாதீர்கள். 80 வயது முடிந்ததும் வரும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியமும், 85-இல் வரும் 30 சதவீதமும் ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ள தேதிப்படிதான். ஒன்றைத் திருத்தி மற்றொன்று பழையபடி நின்றால், வருஷாந்தர நேர்காணலில் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆயிரம் பிறை கண்டவர் என்று போடலாமா? எத்தனை வயதில்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

வழக்கத்தில் 80 வயது 8 மாதம். கணக்குப் போட்டால் சற்றுத் தள்ளும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரி 29.53 நாள். பௌர்ணமியன்றே பிறந்தவருக்கு ஆயிரமாவது பௌர்ணமி 999 இடைவெளி கழித்து, 29,501-ஆவது நாளில் வரும். அப்போது வயது 80 வருஷம், 9 மாதம், ஒரு வாரம். பௌர்ணமிக்கு மறுநாள் பிறந்தவருக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். 8 மாதக் கணக்கில் 997 அல்லது 998 ஆகியிருக்கும். சதாபிஷேகம் செய்ய இது தடையில்லை. ஆனால் கணக்கு டீச்சராக இருந்த பாட்டி கேள்வி கேட்பார், தயாராக இருங்கள்! தாத்தா இல்லாத வீட்டில் ஆயுஷ்ய ஹோமத்தோடு வைத்துக்கொள்வதும் உண்டு. அழைப்பிதழ் வாசகத்தைப் பாட்டியிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பேச வைத்தால் 'நான் என்னடா பெருசா செஞ்சேன்' என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். எப்படிக் கேட்பது?
– வாசகர், திண்டுக்கல்

'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க பாட்டி' என்றால் யாராக இருந்தாலும் இரண்டு வாக்கியம்தான். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ஒரு சிலேட்டும் குச்சியும் போதும். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு முதல் நாள் என்ன எழுதிக் கொடுப்பீங்க? அ-வா, இல்லே சுலபமா எழுதற ட, ப, ம-வா? எழுதிக் காட்டுங்க." நாற்பது வருஷம் பாடம் எடுத்த கை சும்மா இருக்காது. எழுதும்போதே பேச்சும் வரும். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் சொல்லிக் கொடுத்தது, சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்தது, கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலைச் சாறும் அரைத்துப் பூசியது, இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின ராத்திரி பாடக்குறிப்பு எழுதியது, எல்லாம் அப்படித்தான் வெளியே வரும்.

கேள்வி குறுகலாக இருக்கட்டும். 'பள்ளிக்கூடம் எப்படி இருந்தது' என்பதைவிட 'மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், பிள்ளைகளை எங்கே நகர்த்துவீங்க' என்பது நல்ல கேள்வி. ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியே வேண்டாம்.

வருஷம் நினைவில்லை என்றால் ஊருக்கே தெரிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22-23. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் பள்ளி மூடியது 1965 ஜனவரி, பிப்ரவரி. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரி 14. பகலில் சூரிய கிரகணம் 1980 பிப்ரவரி 16. சத்துணவு 1982 ஜூலை 1. 'சத்துணவுக்கு முந்தியா பிந்தியா' என்று கேட்டால் எந்தத் தொடக்கப்பள்ளி டீச்சரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார், சமையல் புகை வகுப்புக்குள் வந்த கதையோடு.

நேரம்: காலை பூஜையும் டிபனும் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன். ஒரு தடவைக்கு 40 நிமிஷம், அதற்குமேல் போனால் களைப்பில் 'ஆமாம்' போட ஆரம்பித்துவிடுவார். காது நன்றாகக் கேட்கும் பக்கம், உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். கேட்பதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவைக் கெடுக்கும் முதல் எதிரி அதுதான். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேஜைமேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி விழும். ஆரம்பத்தில் தேதியும் இடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரிலும் தேதி இருக்கட்டும். அன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தானாகத் தட்டச்சு செய்யும் செயலிகள் பேச்சுத் தமிழிலும் ஊர்ப் பெயரிலும் சறுக்குகின்றன. வரிக்கு வரி கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

கேள்வி: ஆச்சிக்கு 88. சொன்னதையே சொல்கிறார், செத்துப்போன தங்கையைக் கூப்பிடுகிறார். இனி எழுதிப் பயனுண்டா?
– வாசகி, தூத்துக்குடி

உண்டு, முறையை மாற்ற வேண்டும். அண்மைக்கால நினைவு முதலில் போகும், சின்ன வயது நினைவு நெடுநாள் தங்கும். ஆகவே பணிக்காலத்தை விட்டுவிட்டுப் பத்து, பன்னிரண்டு வயதைப் பற்றிப் பேசுங்கள். 15 நிமிஷம் போதும். சாயங்காலம் குழப்பம் கூடும், அப்போது வேண்டாம். 'இது யாரு சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். படத்தைக் கையில் கொடுத்து, 'இது உங்க தங்கச்சி, ஆத்தங்கரையில எடுத்தது' என்று நீங்களே தொடங்கிவிடுங்கள். மனப்பாடப் பாட்டும் ஸ்லோகமும் பேச்சை விடக் கடைசிவரை நிற்கும். முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர் முடிப்பார். தவறாகச் சொன்னதைத் திருத்த வேண்டாம், எழுதும்போது காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் அது முதுமை அல்ல. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை அடிக்கடி காணும் காரணங்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாட்டியின் ஸ்தோத்திர நோட்டு ஒன்று கிடைத்தது. சில எழுத்து வித்தியாசமாக இருக்கிறது, மை மங்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

வித்தியாசமாகத் தெரிவது பழைய எழுத்து. 1978 அக்டோபர் அரசாணை வரை ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இணைக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் தனிக்கால் இல்லை, எழுத்தோடு சேர்ந்து கீழே வளையும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவையும் அதே வளைவுதான், ஆக மாறியவை 13. உங்கள் பாட்டி தன் வாழ்நாளில் பாதிவரை இப்படி எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து, பிறகு ஒரு நாள் தன் கையையே மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கரும்பலகையில் புதியதும் வீட்டுக் கடிதத்தில் பழையதுமாக எழுதியவர்கள் நிறைய. ஆகவே பழைய எழுத்து இருப்பதாலேயே நோட்டு 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது, அது உறுதி. ஓரத்தில் ௵ என்றிருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பக்க எண்ணாக ௧, ௨, ௩ இருக்கலாம்.

படம் எடுப்பது பகலில், ஜன்னல் ஓரம், வெயில் நேரே விழாத இடத்தில். ஃபிளாஷ் வேண்டாம். செல்போன் தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் எடுங்கள், கடைக்காரர் முத்திரையோ பால் கணக்கோ அங்கேதான் இருக்கும்.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லாமினேஷன் அதைவிட மோசம், சூடு பட்ட தாளைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். வேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். பூச்சிக்கு வசம்புத் துண்டைச் சிறு துணியில் முடிந்து போடுவது பழைய வழக்கம், தாளின்மேல் படாமல் வைத்தால் சரி.

நோட்டு முழுவதையும் புத்தகத்தில் சேர்க்கத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் கவசமும் அஷ்டோத்திரமும் பக்கத்தைத்தான் அடைக்கும். அச்சில் வராத நலங்குப் பாட்டு, தாலாட்டு, ஊர்த் தெய்வத்தின் மேல் யாரோ கட்டிய கும்மி ஆகியவைதான் பொக்கிஷம். அவற்றைப் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவும் செய்யுங்கள். எழுத்தில் மெட்டு இருக்காது.

கேள்வி: எங்கள் பாட்டி மிஷன் பள்ளி டீச்சர். எஸ்.ஆர். யூனியனில் இல்லை என்கிறார்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

உதவிபெறும் பள்ளியாக இருந்தால் தாளாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி, பெற்றோர் பெயர், தொழில், ஞானப்பெற்றோர் எல்லாம் இருக்கும். ஞானஸ்நானத் தேதியையே பிறந்த தேதியாக எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. பிறந்த தேதிக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. அதற்கு முந்தைய பதிவுகளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பழைய பெயர்கள் வரும். வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முன்பக்கத் தாள்களையும் புரட்டுங்கள், பிறப்பும் கல்யாணமும் இறப்பும் அங்கே எழுதுவது வழக்கம். பதிவேட்டில் உள்ள பெயரும் வீட்டில் கூப்பிட்ட பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் கொடுங்கள்.

கேள்வி: அம்மம்மா யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. 95 இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன. இப்ப எங்களோட டொரன்டோவில இருக்கிறா. எங்கை தேடுறது?
– வாசகி, டொரன்டோ

பிறப்புப் பதிவின் பிரதியைச் சம்பந்தப்பட்ட பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், ஊரில் உள்ள உறவினர் விண்ணப்பித்தாலும் போதும். ஓய்வூதியம் பெறுகிறவரானால் ஓய்வூதிய இலக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள், பழைய கோவையைத் தேட அதுவே நூல் முனை. பள்ளிகளில் அதிபர் எழுதும் சம்பவத்திரட்டுப் புத்தகம் தப்பியிருந்தால் அம்மம்மா கடமையேற்ற நாள் அதில் இருக்கும். பாடசாலைகளின் ஆண்டு மலர்களில் ஆசிரியர் பட்டியலும் குழுப்படமும் வரும். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் இப்படியான மலர்கள் ஏராளம், பாடசாலைப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

1960-61-இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முன் அம்மம்மாவுக்குச் சம்பளம் கொடுத்த நிர்வாகம் மிஷனா, சைவ வித்தியா விருத்திச் சங்கமா என்று கேளுங்கள். எந்த நிர்வாகம் என்பதைப் பொறுத்து அவ படித்த ஆசிரிய கலாசாலையும் படிப்பித்த ஊர்களும் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31-ஆம் நாள் வெளியிடும் கல்வெட்டு (இரங்கல் பாடல் ஏடு), நினைவு மலர் மரபு உங்களுக்குத் தெரியும். அம்மம்மாவின் தாய், தகப்பன், சகோதரருக்கு வந்த மலர்கள் யாரிடமாவது இருக்கும். வம்சாவளி முழுக்க அதில் கிடைக்கும். ஆனால் அவை துக்கத்தின் அவசரத்தில் அச்சானவை, பெயரும் வருஷமும் பிழைப்பது சாதாரணம். அம்மம்மா இருக்கும்போதே வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: பக்தியைப் பற்றி எழுதினால் பாராட்டுப் பத்திரம் மாதிரி வருகிறது. 'தெய்வபக்தி மிக்கவர், எளிமையானவர்' என்று. எப்படி மாற்றுவது?
– வாசகி, மயிலாடுதுறை

அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பள்ளி மணி 9.30-க்கு, ஊர் 4 கிலோமீட்டர், பஸ் 8.40-க்கு என்று வையுங்கள். அதற்குள் கோலம், குளியல், விளக்கு, ஐந்து பேருக்குச் சமையல். எத்தனை மணிக்கு எழுந்தார்? நாள் கோலம் எத்தனை புள்ளி, வெள்ளிக்கிழமைக் கோலம் எத்தனை? மார்கழியில் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி என்றால் அதற்கு எவ்வளவு நேரம்? எதை ஸ்டவ்வின் முன் நின்றபடி முணுமுணுத்தார், எதை உட்கார்ந்து படித்தார்? சஷ்டி விரத நாளில் ஐந்து பீரியட் நின்று கத்தி எப்படிப் பாடம் எடுத்தார், தண்ணீராவது குடித்தாரா? நேர்த்திக்கடன் என்ன, யாருக்காக, எந்த வருஷம் முடித்தார்? இவற்றை வரிசையாக எழுதினால் பக்தி என்ற சொல்லே தேவைப்படாது.

கோபத்தையும் எழுதுங்கள். பிரம்பு எடுத்தாரா, எப்போது நிறுத்தினார் என்று கேளுங்கள். சம்பளக் கவர் யார் கையில் போனது என்பதும் கேட்க வேண்டியதே. வேலைக்குப் போன மருமகள் என்று அந்த வீட்டில் என்ன பேச்சு இருந்தது என்பதையும் விடாதீர்கள். எதை அச்சில் விடலாம் என்ற கடைசி முடிவு பாட்டியுடையது. 'இது வேண்டாம்' என்று அவர் சொன்ன பக்கத்தை எடுத்துவிடுங்கள், பதிவு மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: அச்சுக்கு என்ன அளவு, எத்தனை பக்கம்? டி.டி.பி. கடையில் கொடுத்தால் எழுத்து உடைந்து வருகிறது.
– வாசகர், ஈரோடு

டெம்மி அளவு, அதாவது ஏறக்குறைய எட்டரைக்கு ஐந்தரை அங்குலம், கைக்கு அடக்கம். பக்கங்கள் 16-இன் மடங்காக இருக்கட்டும்: 64 அல்லது 80. பெரியவர்கள் படிக்க 14 புள்ளி எழுத்து வேண்டும். அப்போது பக்கத்துக்கு 180-லிருந்து 200 சொல்தான் பிடிக்கும், படங்கள் போக 64 பக்கத்துக்கு ஒன்பதாயிரம் சொல் போதும். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள் வாங்குங்கள். பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும். 64 பக்கம்வரை நடுவில் பின் அடித்தால் நன்றாக விரியும். அதற்குமேல் பசை பைண்டிங். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சு, ஐந்நூறு தாண்டினால் ஆஃப்செட்.

எழுத்து உடைவதற்குக் காரணம், நீங்கள் யூனிகோடில் கொடுத்ததைக் கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவதுதான். மாற்றியபின் முதலில் பார்க்க வேண்டியவை ஸ்ரீ, க்ஷ, ஃ, ஔ, மேற்கோள் குறி, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு. யூனிகோடிலேயே பக்கம் அமைக்கும் கடை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்கு அகலவாக்கில் 1,200 பிக்சலாவது வேண்டும். குழுப்படத்தில் நிற்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக, வரிசை வாரியாக இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பெயர் தெரியாதவருக்கு இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தில் நிரப்ப வேண்டாம்.

புரூஃபை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் அட்டவணையை வைத்துக்கொண்டு வருஷத்தையும் ஊரையும் மட்டும் பார்க்கட்டும். இன்னொரு பிரதியை, வரிக்கு வரி இடம் விட்டுப் பெரிய எழுத்தில் எடுத்து, ஒரு சிவப்புப் பேனாவோடு பாட்டியிடம் கொடுங்கள். ஒற்றுப் பிழை ஒன்றும் தப்பாது. திருத்திக் கொடுக்க ஒரு வாரமாவது கெடு வையுங்கள், அவசரப்படுத்தினால் மார்ஜினில் அதற்கும் ஒரு குறிப்பு எழுதிவிடுவார்.